முந்நூற்றுப் பதினொரு படங்கள்

படத்தின் இடது ஓரத்தில் ஒரு கால் தெரிந்தது. ரப்பர் செருப்பு போட்ட கால். தொந்தரவாக இருந்ததால் வெட்டிவிட்டேன்.

அன்றைய தலைப்பு 'வாசல்'. ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. எங்கள் வீடு மூன்றாவது மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக ஊரார் லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்க்கிறவன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. என் தலையெழுத்து அப்படி. மாடிப்படி ஜன்னல் வழியாக வரும் வெயில், எங்கள் கதவு திறந்திருந்தால், பத்து நிமிடம் மட்டும் நடைக்குள் வந்து தரையில் நீளமாக விழும். அதற்காகக் கதவின் மேல்தாழ்ப்பாளை எடுத்தேன். அக்கா வெளியே போய்விடக் கூடாது என்று நானே அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்த தாழ்ப்பாள் அது. தரையில் குப்புறப் படுத்து நாற்பது படம் எடுத்தேன். நடுவில் ஒரு நிழல் குறுக்கே வந்தது. கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு" என்றேன். அவள் தள்ளி நின்றாள். சொன்ன பேச்சைக் கேட்கிறவள்தான்.

வெயில் போனதும் எழுந்து உள்ளறைக் கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். நாற்பதில் ஒன்றுதான் தேறியது. அதில்தான் அந்தக் கால் இருந்தது. அதை வெட்டினேன், நிழலைக் கொஞ்சம் தூக்கினேன், மஞ்சளைக் குறைத்தேன், பிறகு கூட்டினேன். 'கதவு திறந்துதான் இருக்கிறது' என்று ஒரு வரி எழுதிப் பதிவேற்றினேன். மீதி முப்பத்தொன்பதையும் அழித்தேன். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்த மனைவி, "ஏங்க, கதவு தொறந்து கெடக்கு. அண்ணி எங்க?" என்றாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "உள்ளதான் இருப்பா" என்றேன்.

வீட்டுக்குள் அக்கா செருப்பு போடுவதே கிடையாது. இது எனக்கு உறைத்தபோது நான் மூன்று தெரு ஓடியிருந்தேன்.

அக்கா எனக்குப் பன்னிரண்டு வயது மூத்தவள். அம்மா இறந்தபோது எனக்கு ஒன்பது. அக்கா படிப்பை விட்டுவிட்டுச் சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபத்தேழு வருடம் அங்கே தரம் பார்க்கிற மேசையில் நின்றாள். காலரைத் திருப்பிப் பார்ப்பாள், தையல் கோணலாக இருந்தால் சிவப்பு ஒட்டுத்தாளை ஒட்டி ஒதுக்குவாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால், "வந்த மாப்பிள்ளைங்க எல்லாம் ரிஜெக்ட் ஆயிட்டாங்க" என்பாள். உண்மைக் காரணம் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் தலைக்குள் ஒரு கட்டி வந்தது. எடுத்துவிட்டார்கள். அதோடு சேர்த்து எதையெதையோ எடுத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நீளப் பின்னல் போய், வெட்டிய நரைமுடி வந்தது. இருபது கிலோ இறங்கியது. இடது தோள் சாய்ந்தது. என்னைப் பார்த்து, "நீங்க யாரு வீட்டுல இருக்கீங்க?" என்று ஒருநாள் மரியாதையாகக் கேட்டாள்.

அந்த மரியாதை என்னைக் கொன்றது. வேலை முடிந்து வந்தால் அவளுக்கு எதிரில் உட்காரப் பயமாக இருந்தது. அடுத்தது என்ன கேட்பாளோ! அந்த நேரத்தில்தான் வேலையை விட்டுப் போன ஒரு மெக்கானிக்கிடமிருந்து பழைய கேமரா ஒன்று கைக்கு வந்தது. அதன் வழியாக அவளைப் பார்த்தபோது பயம் வரவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்க முடிந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கலை ஆர்வம் என்றுதான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன்.

இணையத்தில் 'தினம் ஒரு படம்' என்று ஒரு குழு. பதினோராயிரம் பேர். காலை ஆறு மணிக்குத் தலைப்பு வரும். படுப்பதற்குள் படம் போட வேண்டும். இப்படி ஒரு வருடம். எத்தனை படம் வேண்டுமானாலும் எடுக்கலாம், ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும், மீதியை அன்றைக்கே அழித்துவிட வேண்டும். அதுதான் பயிற்சி. யாரும் வந்து சோதிக்கப் போவதில்லை. ஆனாலும் நான் ஒருநாள்கூடத் தவறியதில்லை. லிஃப்ட் வேலையில் சட்டத்தை மீறினால் ஆள் சாவான் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த புத்தி, எங்கே போனாலும் சட்டத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது.

முதல் வாரம் அக்காவை நேருக்கு நேர் நிற்கவைத்து எடுத்துப் போட்டேன். மூன்று பேர் விரும்பினார்கள்; அதில் ஒருவர் நான் வேலை செய்யும் கம்பெனியின் கணக்காளர். குழுவில் 'முக்காலி' என்ற பெயரில் ஒருவர் இருந்தார். யாரையும் விட்டுவைக்காத வாய். அவர் எழுதினார்: 'இது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம். முகத்தைக் காட்டினால் பார்க்கிறவன் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவான். முகத்தை மறையுங்கள். யோசிக்கவிடுங்கள். இதை அழித்துவிட்டு மறுபடி எடுங்கள்.' அழித்தேன். மறுநாள் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது பின்னாலிருந்து எடுத்தேன். சாய்ந்த தோள், வெளிச்சத்தில் ஓரம் மட்டும் ஒளிரும் வெட்டுமுடி. முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் விரும்பினார்கள். முக்காலி ஒரே சொல்லில் 'ஆங்!' என்று போட்டார்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ருசி கண்ட பூனை ஆகிவிட்டேன். அக்காவின் முதுகு, அக்காவின் கை, கண்ணாடிக்கதவுக்குப் பின்னால் அக்காவின் கலங்கல் உருவம், சுவரில் அக்காவின் நிழல். குழுவில் அவளுக்கு 'ஜன்னலக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அப்பர்ச்சர், ஷட்டர் எல்லாம் கைக்குப் படிந்தன. இரண்டு மாதத்துக்கு முன்னால் 'வெறுமை' என்ற தலைப்புக்கு அவள் நாற்காலியை மட்டும் எடுத்து, 'அக்காவைக் காணவில்லை. யாராவது பார்த்தீர்களா?' என்று எழுதிப் போட்டேன். அக்கா அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். ஆயிரத்து நூறு பேர் விரும்பினார்கள். அந்த மாதத்தின் சிறந்த படம் அதுதான். மனைவி படித்துவிட்டு, "வாயில நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு? இருக்குற மனுசிய எதுக்கு இல்லேன்னு எழுதணும்?" என்றாள். இது ஒரு கற்பனை, உனக்குப் புரியாது என்றேன்.

ஒரே ஒரு தடவை அக்காவிடம் அந்த ஜன்னல் படத்தை அச்சிட்டுக் காட்டினேன்.

"இது யாரு?" என்றாள்.

"நீதான்க்கா."

படத்தைக் கையில் வாங்கி, சட்டையைத் திருப்பிப் பார்ப்பதுபோலப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "மூஞ்சியக் காணோமே. பீஸு ரிஜெக்ட்" என்றாள். நானும் மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அன்று தெருக்களில் தேடிக் கிடைக்காமல் நாங்கள் போன காவல் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். அக்காவுக்கு வயது ஐம்பத்தெட்டு என்று சொன்னேன். உயரம் என் தோள் வரை. இடது காதுக்கு மேலே வளைவாக ஒரு தழும்பு. என்ன உடை என்று கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. மனைவிதான், "நீலத்துல பூப்போட்ட நைட்டி, மேல பழுப்பு ஸ்வெட்டர்" என்றாள். காலையும் மாலையும் வலிப்பு மாத்திரை போட வேண்டும், மூன்று நாள் தொடர்ந்து விட்டுப்போனால் வலிப்பு வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்பதையும் அவள்தான் சொன்னாள். அன்றைய காலை மாத்திரையை அக்கா இன்னும் போட்டிருக்கவில்லை.

"சரிம்மா. ஒரு போட்டோ குடுங்க. சமீபத்துல எடுத்தது, முகம் நல்லாத் தெரியணும்."

எனக்கு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு நொடி பெருமைகூட வந்தது. போட்டோவுக்கா பஞ்சம்! கைப்பேசியை எடுத்து நீட்டினேன். அவர் விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"இதுல யாரு?"

"அக்கா சார்."

"இது?"

"அதுவும் அக்காதான். கை."

"இது?"

"நிழல் சார்."

அவர் கைப்பேசியை மேசைமேல் வைத்தார். கோபப்படவில்லை. "படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. முதுகையும் நிழலையும் வெச்சு நான் யாரைங்க தேடுறது? முகம் இருக்குற மாதிரி ஒண்ணே ஒண்ணு குடுங்க, போதும்."

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து முந்நூற்றுப் பதினொரு படங்களையும் பார்த்தேன். நூற்று நாற்பத்தாறில் அக்கா இருந்தாள். ஒன்றில்கூட அவள் முகம் இல்லை. ஒரு படத்தில் பாதிக் கன்னமும் காதும் இருந்தன. அதை நான் கறுப்பு வெள்ளையாக மாற்றி இருட்டடித்திருந்தேன். மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல் மேசைக்காரரிடம் சொன்னாள்: "வருசம் பூரா படம் எடுக்குறவரு வீட்டோட இருக்காரேன்னு நான் ஒண்ணுகூட எடுத்து வெக்கலைங்க."

கடைசியில் அக்காவின் அடையாள அட்டையைக் கொடுத்தோம். பதினாலு வருடம் முந்தைய படம். உப்பிய கன்னம், தோளில் தொங்கும் பின்னல். அவர் அதைப் பார்த்து, "இவங்கதானா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு, இல்லை, இப்போது இப்படி இல்லை என்றேன். "பயப்படாதீங்க. சொல்லியாச்சு. ஆளுங்க பார்த்துக்கிட்டேதான் இருக்காங்க" என்றார் அவர்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என்னுடையது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து கூப்பிட்டு மூச்சு முட்டுகிறது என்று அழுவார்கள். "பயப்படாதீங்க, வந்துக்கிட்டே இருக்கேன்" என்பேன். டீ டம்ளர் கையில் இருக்கும். பொய் என்றுகூட நினைத்ததில்லை. உள்ளே இருப்பவருக்கு அந்தக் கால் மணி நேரம் எப்படிப் போகும் என்று இருபத்திரண்டு வருடத்தில் இப்போதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குழுவில் போட்டேன். முகம் இல்லாவிட்டால் என்ன, பதினோராயிரம் பேருக்கு அவளைத் தெரியும். ஊர் ஊராக இருக்கிறார்கள். எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது. ஜன்னல் படத்தைப் போட்டு எழுதினேன்: 'என் அக்காவைக் காணவில்லை. இன்று காலை ஒன்பது மணிக்கு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.' என் போன் எண்ணையும் போட்டேன்.

பத்து நிமிடத்தில் இருநூறு பேர் விரும்பினார்கள். 'ஜன்னலக்கா திரும்பி வந்தாச்சு!' என்று ஒருவர். 'நாற்காலிப் படத்தின் தொடர்ச்சி, அருமை' என்று ஒருவர். 'போன் எண் போட்டது புது உத்தி, நிஜம்போலவே இருக்கிறது' என்று ஒருவர். 'இது நிஜம்' என்று அடியில் எழுதினேன். அதற்குத் தனியாக எண்பது பேர் கைதட்டினார்கள். 'ஐயா, சத்தியமாக நிஜம், உதவுங்கள்' என்று எழுதினேன். 'கண் கலங்கிவிட்டது, உங்கள் எழுத்தும் மெருகேறிவருகிறது' என்று பதில் வந்தது. புலி வருது, புலி வருது என்று கத்தினவன் கதையைச் சின்ன வயதில் எனக்குச் சொன்னவளே அக்காதான். நான் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். இப்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதேன். யாருக்கும் கேட்கவில்லை.

அழித்த படங்களை மீட்க ஒரு மென்பொருள் இருப்பது நினைவுக்கு வந்தது. ஸ்லேட்டில் எழுதி, அழித்து, மேலேயே எழுதி, மறுபடி அழித்ததுபோல அந்த மெமரி கார்டில் வருடம் முழுக்க எழுதி அழித்திருந்தேன். மனைவி தெருத்தெருவாகப் போய்த் தேடிக்கொண்டிருந்தாள். நான் திரையில் நகரும் பச்சைக்கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்கு மணி நேரத்தில் சுவர்கள் வந்தன, மழைத்துளிகள் வந்தன, ஒரு காக்கை வந்தது. கடைசியில் ஒரே ஒரு அக்கா வந்தாள்.

எடுத்தது ஞாபகம் இருந்தது. போன மாதம், ஒரு மாலையில், எதேச்சையாகத் திரும்பி லென்ஸை நேராகப் பார்த்தாள். வாயை மூடியபடி சிரித்தாள். "எடுத்துட்டியா? நல்லா விழுந்திருக்கேனா?" என்றாள். 'டியா' என்றாள். 'டீங்களா' என்று இல்லை. அன்றைக்கு அவளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. நான் திரையைப் பார்த்து, ஆல்பத்துக்கு எடுத்த படம் மாதிரி இருக்கிறதே என்று அலுத்துக்கொண்டு அழித்தேன். இப்போது அது மீண்டு வந்திருந்தது. நெற்றி இருந்தது, தழும்பு இருந்தது, புருவம் இருந்தது, இரண்டு கண்கள் இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. அடிவரைக்கும் சாம்பல் நிறம், நடுவில் ஒரு ரோஸ் கோடு.

மனைவி தூசிக்காலோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள். "கண்ணு வரைக்கும்தான் வந்திருக்கா?"

"ஆமா."

"சிரிச்சாங்களா இதுல?"

"சிரிச்சா."

அவள் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

அந்தப் பாதிமுகத்தையும் குழுவில் போட்டேன். வேறு வழி தெரியவில்லை. முந்தைய எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிகம் பேர் விரும்பினார்கள். மறதியை இப்படிக்கூடக் காட்டலாமா என்று வியந்தார்கள். அந்தச் சாம்பல் நிறத்தை எப்படிக் கொண்டுவந்தேன் என்று ஒருவர் செய்முறை கேட்டார்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகவில்லை. பாதிமுகத்தையும் பழைய அட்டைப் படத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு, நான் பராமரிக்கும் கட்டடங்களுக்கெல்லாம் போய்க் காவலாளிகளிடம் கொடுத்தேன். அவள் வேலை செய்த தொழிற்சாலைக்குப் போனேன். அங்கே இப்போது அட்டைப்பெட்டி அடுக்குகிறார்கள். இரண்டு ஆஸ்பத்திரியில் பார்த்தேன். இரண்டாவதில் ஒருவர் என்னை அடித்தளத்துக்கு அழைத்துப் போய் ஒரு துணியை விலக்கிக் காட்டினார். அது வேறு யாரோ. இறந்து கிடந்த அந்த அம்மாளைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வந்தது. இப்படி ஒரு சந்தோஷம் எதிரிக்கும் வரக் கூடாது. வெளியே வந்து சுவரோரம் வாந்தி எடுத்தேன். மாத்திரை மூன்று வேளை தவறியிருந்தது. அன்றைய மாலை நான்கானது.

செவ்வாய்க்கிழமை காலை, எந்த நினைப்பும் இல்லாமல், அக்காவின் அட்டையை மேசைமேல் வைத்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத என்ன மிச்சம் இருந்தது? படம் கோணலாக இருந்தது, பிளாஸ்டிக் உறையில் விளக்கு தெறித்தது, என் கட்டைவிரல் பாதியை மறைத்தது. ஒன்பது பேர் விரும்பினார்கள். பத்தாவதாக முக்காலியிடமிருந்து தனிச்செய்தி வந்தது: 'ஒளி தெறிக்கிறது. சாய்ந்திருக்கிறது. விரல் விழுந்திருக்கிறது. நீங்கள் இப்படி ஒரு படம் போடமாட்டீர்கள். என்ன ஆயிற்று?'

நான் எண்ணை அனுப்பிய அடுத்த நிமிடம் கைப்பேசி அடித்தது. பெண்குரல். ஒரு வருடமாக நான் முக்காலியை ஜிப்பா போட்ட, தாடி வைத்த ஆளாகத்தான் நினைத்திருந்தேன். பின்னால் ஏதோ இயந்திரம் இரைந்தது. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடி அறுக்கிற வேலை என்று பிறகு சொன்னார்.

"நெஜமாவே காணோமா?"

"மூணு நாளாக் கத்திக்கிட்டிருக்கேங்க."

இயந்திரம் நின்றது. "நாங்க எல்லாரும் கைதட்டிக்கிட்டிருந்தோம்" என்றார். பிறகு, "முகத்தை மறைன்னு சொன்னது நான்தானே?" என்றார்.

கோபம் வரவில்லை என்றால் பொய். வந்தது. ஆனால் அவர் ஒரு படத்தைப் பற்றித்தான் சொன்னார். வருடம் முழுக்கச் செய்தவன் நான். "அதெல்லாம் இப்ப எதுக்கு? எங்கயாவது தேடச் சொல்லுங்க" என்றேன்.

அடுத்த ஒரு மணி நேரத்தில் அவர் குழுவில் என்ன செய்தாரோ, கைதட்டியவர்களை என்ன திட்டினாரோ, கைப்பேசி ஓயவில்லை. மன்னிப்புகள் வந்தன. வயதான பெண்களின் படங்கள் வந்தன. எல்லாம் யார் யாரோ. பிற்பகல் ஒரு மணிக்கு முக்காலியே ஒரு படம் அனுப்பினார். அன்றைய தலைப்பு 'காத்திருப்பு'. இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஊரின் பேருந்து நிலையத்தில், பெண்கள் காத்திருக்கும் கூடத்தை வாசலில் நின்றபடி ஓர் உறுப்பினர் காலையில் எடுத்துப் போட்டிருந்தார். இரும்பு நாற்காலி வரிசைகள். எல்லாம் பின்பக்கம். நான்காவது வரிசையில் ஒரு நரைத்த வெட்டுமுடித் தலை. கீழே ஏதோ பழுப்பாக இருந்தது.

"ஒரு வருசமா அந்த முதுகைப் பார்த்திருக்கேன் தம்பி. எனக்கு அவங்கதான்னு படுது. ஆனா உங்களுக்குத்தான் நிச்சயமாத் தெரியும்" என்றார்.

எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன்; தலை சதுரம் சதுரமாக உடைந்தது. நான் எடுத்த முதுகுக்கு எப்போதும் ஜன்னல் வெளிச்சம் இருந்தது, நான் காத்திருந்து தேர்ந்தெடுத்த வெளிச்சம். குழல்விளக்கின் கீழே, கும்பலுக்கு நடுவே, அது அக்காவின் முதுகா இல்லையா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முப்பத்தேழு வருடம் என்னைச் சுமந்தவளின் முதுகு. தெரியவில்லை.

மனைவி எட்டிப் பார்த்தாள். "அந்த ஸ்வெட்டர் மாதிரிதாங்க இருக்கு" என்றாள். அதற்குள் மாத்திரை டப்பாவையும் ஒரு மாற்றுடையையும் பையில் போட்டுவிட்டிருந்தாள். "நிச்சயம் பண்ணிக்கிட்டு உட்காராதீங்க. கெளம்புங்க."

பேருந்தில் அவள், "அங்க இருந்தா, திட்டிராதீங்க" என்றாள். திட்டுவதா? வாசலில் தள்ளி நிற்கச் சொன்னவன் நான். படத்திலிருந்து அவள் காலை வெட்டியவன் நான். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தேன், பேருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது, விட்டுவிட்டேன்.

நாலேகால் மணிக்கு அந்தக் கூடத்தின் வாசலில் நின்றோம். மனைவி விசாரணை ஜன்னலுக்கு ஓடினாள். நான் உள்ளே பார்த்தேன். படத்தில் இருந்ததைவிடக் கூட்டம் இரண்டு மடங்கு. மூட்டைகள், பிள்ளைகள், ஒலிபெருக்கி. காலையில் இருந்தவள் இந்நேரம் வரை இருப்பாள் என்று என்ன நிச்சயம்? எங்கே பார்த்தாலும் முதுகுகள். நரைத்த தலையே ஏழெட்டு இருந்தது. பழுப்பு, சாம்பல், மங்கிய பச்சை. அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே நிறம். ஒவ்வொரு வரிசையாகப் போய்ப் பார்க்கலாம் என்று புத்தி சொன்னது. வாசலிலேயே நின்றேன். அந்த முதுகுகளில் ஒன்று அவளுடையதாக இருக்க வேண்டும். போய்ப் பார்த்து எதுவும் இல்லை என்றால் அதற்கு மேல் என்னிடம் ஒரு படமும் கிடையாது. தொண்டையிலிருந்து அதுவாகவே கிளம்பியது.

"அக்கா!"

கூடமே திரும்பியது. யாரோ ஒரு தம்பி தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று அத்தனை பேரும் நினைத்திருக்க வேண்டும். அறுபது, எழுபது முகங்கள். வாயில் ஹேர்பின்னைக் கடித்தபடி ஒரு முகம், தூங்கி எழுந்த ஒரு முகம், பாதிக் கடித்த ரொட்டியோடு ஒரு முகம், எரிச்சலோடு ஒன்று, என்னப்பா ஆச்சு என்று பதறிய ஒன்று. நெற்றி முதல் தாடை வரை அத்தனையும் முழுசாகத் தெரிந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அக்கா இல்லை. அக்கா இல்லை. அக்கா இல்லை.

சுவரோர வரிசையின் கடைசியில் ஒரு தலை மட்டும் திரும்பவில்லை.

பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண் என்னைப் பார்த்தாள். பிறகு அந்தத் தலையைப் பார்த்தாள். பையைத் தரையில் இறக்கிவைத்தாள். குனிந்து காதருகே ஏதோ சொல்லி, தாழ்ந்திருந்த அந்த இடது தோளின்மேல் கையை வைத்தாள்.